வளரும் சந்தையில் டிவி ஒளிபரப்புத் திருட்டை எதிர்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒளிபரப்புத் திருட்டு என்றதும் பெரும்பாலான சேனல் நிர்வாகங்கள் முதலில் வக்கீலிடம் போய் இணையதளங்களை முடக்கச் சொல்கின்றன. ஒரு தளத்தை முடக்கினால் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு மறுநாளே இன்னொன்று வந்துவிடும். பார்ப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், தளங்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் அத்தனைக்கும் படம் எங்கிருந்து போகிறது என்று பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், ஒரு சேனலைப் பொறுத்தவரை கசிவு விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டி கசிவிலிருந்து தொடங்குகிறது. முடக்கமும் வழக்கும் பின்னால் வருகின்றன.

வளரும் சந்தைக்கென்று சில குணங்கள் உண்டு. பத்து வருடப் பழைய செட் டாப் பாக்ஸ்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சின்னச் சின்ன கேபிள் ஆபரேட்டர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். வங்கி அட்டை இல்லாத வீடுகள் ஏராளம். சட்டம் ஏட்டில் இருக்கும், அதை அமல்படுத்தப் பயிற்சி பெற்ற ஆள் இருக்க மாட்டார். பணக்கார நாடுகளுக்காக எழுதிய திட்டத்தை இங்கே அப்படியே எடுத்து வைத்தால் பல இடங்களில் சறுக்கும். எங்கே சறுக்கும் என்பதையும் அந்தந்தப் படியிலேயே சொல்லியிருக்கிறோம்.

படி 1: உரிமைக் காகிதம்

நீதிமன்றமோ, யூடியூபோ, தளங்களுக்குச் சர்வர் தரும் ஹோஸ்டிங் நிறுவனமோ, யாரிடம் புகார் கொடுத்தாலும் வரும் முதல் கேள்வி, "இது உங்களுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி?" சேனலில் ஓடுவதெல்லாம் சேனலுக்குச் சொந்தமானதாக இருக்காது. சீரியல் சொந்தத் தயாரிப்பு, அதில் வரும் பாட்டு இசை நிறுவனத்துடையது, சினிமா சில வருட ஒப்பந்தத்தில் வாங்கியது, விளையாட்டு குறிப்பிட்ட நாடுகளுக்கு மட்டும் வாங்கியது.

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, நிகழ்ச்சி வாரியாக இவற்றைப் பதியுங்கள்: உரிமையாளர், ஒப்பந்தம் தொடங்கும் தேதி, முடியும் தேதி, எந்த நாடுகள், எந்த மொழிகள், எந்த வழி (செயற்கைக்கோள், கேபிள், இணையம்), நேரடியா மறுஒளிபரப்பா க்ளிப்பா, உங்களிடமிருந்து துணை உரிமம் வாங்கியவர்கள் யார். கடைசியாக ஒரு கட்டம்: மூன்றாம் நபர் மீது நடவடிக்கை எடுக்க ஒப்பந்தம் உங்களுக்கு அதிகாரம் தருகிறதா? பல ஒப்பந்தங்களில் இந்த வரியே இருக்காது. தனக்கு மட்டுமேயான (எக்ஸ்க்ளூசிவ்) உரிமம் இல்லாமல், பலருக்கும் தரப்படும் சாதாரண உரிமம் மட்டும் வைத்திருப்பவர் தன் பெயரில் வழக்குப் போடப் பெரும்பாலான நாடுகளில் வழி கிடையாது. அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போதே உரிமையாளரிடம் அதிகாரப் பத்திரம் கேட்டு வாங்குங்கள். போட்டி தொடங்கிய பிறகு கேட்டால், அது வந்து சேர்வதற்குள் போட்டி முடிந்துவிடும்.

நிகழ்ச்சியின் பதிப்புரிமை வேறு, சிக்னலின் மேல் ஒளிபரப்பாளருக்கு உள்ள உரிமை வேறு. 1961 ரோம் உடன்படிக்கை மறுஒளிபரப்பைத் தடுக்கும் உரிமையை ஒளிபரப்பாளருக்குத் தருகிறது. ஆனால் உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் 14(3) பிரிவு, அந்த உரிமையை ஒளிபரப்பாளருக்கே தரலாம் அல்லது பதிப்புரிமை உரிமையாளரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நாடுகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. உங்கள் சிக்னல் இறங்கும் ஒவ்வொரு நாட்டிலும் இரண்டில் எது நடைமுறை என்று பார்த்துக் குறித்துவையுங்கள். பெயருக்குத்தான் ஒரே பிராந்தியச் சந்தை, சட்டம் நாட்டுக்கு நாடு மாறும்.

படி 2: திருட்டுப் படத்தைப் படிக்கப் பழகுங்கள்

அதிகச் செலவில்லாத வேலை இது, பலன் மிகப் பெரிது. ஒரு திருட்டு ஸ்ட்ரீமை 15 நிமிடம் பதிவுசெய்யுங்கள். அதே நேரத்தில் உங்கள் அதிகாரபூர்வ ஒளிபரப்பையும் பக்கத்திலேயே பதிவுசெய்யுங்கள். இரண்டையும் ஒரே திரையில் ஓடவிட்டு வரிசையாகப் பாருங்கள்.

சேனல் லோகோ இருக்கிறதா? லோகோவே இல்லாத சுத்தமான படம் என்றால், மைதானத்திலிருந்தோ ஸ்டூடியோவிலிருந்தோ உங்களுக்கு வரும் மூல ஃபீட்தான் கசிகிறது. விளம்பர இடைவேளையில் என்ன ஓடுகிறது? உங்கள் விளம்பரங்களே ஓடினால் வீட்டு பாக்ஸிலிருந்தோ ஆப்பிலிருந்தோ எடுத்திருக்கிறார்கள். வேறு நாட்டு விளம்பரம் ஓடினால் அந்த நாட்டு உரிமதாரரின் பக்கம் கசிவு. செயற்கைக்கோளில் ஒரு விளம்பரமும் ஆப்பில் வேறு விளம்பரமும் போகும்படி நீங்கள் வைத்திருந்தால், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று இந்த ஒரு குறியே காட்டிக்கொடுக்கும். வைத்திருக்கவில்லை என்றால் இப்போதே வையுங்கள். அதே காரணத்துக்காக ஒவ்வொரு விநியோக வழிக்கும் லோகோவைச் சில பிக்சல் இடம் மாற்றி வையுங்கள். பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாது, பதிவை அளந்தால் தெரிந்துவிடும்.

அடுத்து தாமதம். அதிகாரபூர்வ செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கு எத்தனை விநாடி பின்னால் திருட்டு ஸ்ட்ரீம் வருகிறது? உங்கள் ஆப்பே 30 விநாடி தாமதமாக வருகிறது, திருட்டு ஸ்ட்ரீம் 15 விநாடியில் வந்துவிடுகிறது என்றால், அது ஆப்பிலிருந்து எடுத்ததாக இருக்க முடியாது. தெளிவுத்திறன், ஃபிரேம் விகிதம், ஆடியோ டிராக்குகளின் எண்ணிக்கை, திரையில் தெரியும் வால்யூம் பட்டை அல்லது பாக்ஸின் மெனு, எல்லாமே துப்புகள். யாரோ ரிமோட்டைத் தொட்டதில் சேனல் எண் ஒரு நொடி திரையில் வந்துபோகும். அந்த எண்ணை வைத்தே எந்த டி.டி.எச். அல்லது கேபிள் நிறுவனத்தின் பாக்ஸ் என்று சொல்லிவிடலாம்.

இப்படி 20, 30 ஸ்ட்ரீம்களைப் படித்தால், பலவும் ஒரே ஊற்றின் நகல்கள் என்பது புரியும். இனி தளங்களை எண்ண வேண்டாம், ஊற்றுகளை எண்ணுங்கள்.

படி 3: செயற்கைக்கோள் பக்கத்துக் கதவுகள்

மூல ஃபீடை அனுப்பப் பல இடங்களில் இன்னும் பழைய பிஸ் (சிக்னலைச் சாவி போட்டுப் பூட்டும்) முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் சாவி 12 ஹெக்ஸ் எழுத்து, நிகழ்ச்சி முடியும்வரை மாறாது. வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்குப் போன சாவி பதினோராவது ஆளுக்கும் போகும், யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மாற்று வழி, ஏ.இ.எஸ். 128 பிட் குறியாக்கம் கொண்ட பிஸ் 2. அதிலும் பிஸ்-சி.ஏ. வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ரிசீவருக்கும் தனித்தனியாக அனுமதி கொடுக்கவும், நிகழ்ச்சியின் நடுவிலேயே ஒன்றை மட்டும் வெட்டவும் அது இடம் தருகிறது. எல்லாப் பங்காளிகளிடமும் அந்த ரிசீவர் இல்லையென்றால், சாவியை ஒளிபரப்புக்குச் சற்று முன் மட்டும், பெயர் குறித்த ஒரே பொறியாளரிடம் கொடுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சாவியை மாற்றுங்கள்.

வீட்டு பாக்ஸ்களில் பெரிய கசிவு கார்டு ஷேரிங். ஒரு நேர்மையான சந்தாவின் ஸ்மார்ட் கார்டை சர்வரில் செருகி, அது திறந்து தரும் கன்ட்ரோல் வேர்டை (படத்தைத் திறக்கும் சாவியை) இணையம் வழியாக ஆயிரக்கணக்கான பாக்ஸ்களுக்கு அனுப்புவார்கள். கன்ட்ரோல் வேர்டு எட்டு பைட்தான், பொதுவாக 10 விநாடிக்கு ஒருமுறை மாறும். வீடியோ டிஷ்ஷில் இறங்கிவிடுகிறது, சாவி மட்டும்தான் இணையத்தில் வரவேண்டும். ஆகவே வீடியோ ஸ்ட்ரீமிங் திக்கித் திணறும் இணையத்திலும் கார்டு ஷேரிங் தடங்கலின்றி ஓடும். இணையம் மெதுவாக உள்ள சந்தைகளில் அது வேரூன்ற இதுவே காரணம்.

இதற்கு மருந்து, கார்டையும் பாக்ஸின் சிப்பையும் ஜோடி சேர்ப்பது. கார்டிலிருந்து வெளிவரும் சாவி அந்தக் குறிப்பிட்ட சிப்புக்கு மட்டும் புரியும்படி மறையாக்கப்பட்டே வர வேண்டும். பழைய பாக்ஸ்களில் இந்த வசதி இருக்காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணமும் இருக்காது. நடைமுறையில் ஓடும் வழி இது: புதிய பாக்ஸ் வாங்குபவருக்கு மட்டும் விளையாட்டு, புதுப்படச் சேனல்களின் எச்.டி. வடிவம், பழைய பாக்ஸ்களில் அந்தச் சேனல்களின் எஸ்.டி. வடிவம் மட்டும், அதுவும் நாள் குறித்து. 12 முதல் 18 மாதத்துக்குள் அதையும் நிறுத்துங்கள். பழைய பாக்ஸ்களில் ஒரே ஒரு வகையை விதிவிலக்காக விட்டுவைத்தாலும் கார்டு ஷேரிங் சர்வர்கள் அந்த வகைக்கே குடிபெயரும்.

டிஜிட்டல் டிவி ஒளிபரப்புக்கான டி.வி.பி. தரத்தின் பழைய ஸ்கிராம்ப்ளிங் (படத்தைப் பூட்டும்) முறையான சி.எஸ்.ஏ.வும் இன்று பலவீனமானது. அதன் சாவி 64 பிட் என்றாலும் வழக்கமான பயன்பாட்டில் 48 பிட்தான் உண்மையான பலம். முன்கூட்டியே கணக்கிட்ட அட்டவணைகளும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால் சில விநாடிகளில் உடைக்கலாம் என்று 2011-லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். புதிய பாக்ஸ் வாங்கும் டெண்டரில் 128 பிட் சி.எஸ்.ஏ. 3 ஆதரவைக் கட்டாயமாக எழுதுங்கள்.

பாக்ஸையும் டிவியையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகப் படம் பிடிப்பதை முழுவதுமாகத் தடுக்க முடியாது. அந்தக் கேபிளில் போகும் படத்தைப் பூட்டும் எச்.டி.சி.பி.யின் முதல் தலைமுறைக்கான மூலச் சாவி 2010-லேயே வெளியாகிவிட்டது. அதைக் கழற்றிவிடும் மலிவு ஸ்பிளிட்டர்கள் எல்லா ஊர்களிலும் கிடைக்கின்றன. இந்தக் கதவுக்குப் பூட்டு தேடிப் பணத்தைக் கரைக்காமல், யார் எடுத்தார் என்று காட்டும் குறிகளில் செலவிடுங்கள். அது படி 5-ல்.

படி 4: ஆப், இணையதளம்

டி.ஆர்.எம். (சாவி இல்லாமல் வீடியோ ஓடாதபடி செய்யும் பூட்டு) போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களின் ஆப்பில் நாம் பார்க்கும் முதல் ஓட்டை, எல்லாத் தரத்துக்கும் ஒரே சாவி. கூகுளின் டி.ஆர்.எம். ஆன வைட்வைனின் எல்3 நிலை மென்பொருளை மட்டும் நம்பி ஓடுவது, அது பலமுறை உடைபட்டிருக்கிறது. எஸ்.டி., எச்.டி., ஆடியோ ஆகிய மூன்றுக்கும் மூன்று சாவி வையுங்கள். எல்3 சாதனத்துக்கு எஸ்.டி., ஆடியோ சாவிகளை மட்டும் கொடுங்கள். மலிவு போன்களில் கணிசமானவை எல்3 என்பதால் எஸ்.டி.யை ஒரேயடியாக மறுத்துவிடாதீர்கள், நேர்மையான வாடிக்கையாளர்தான் அடிபடுவார்.

இரண்டாவது ஓட்டை சி.டி.என். (வீடியோவைப் பல ஊர் சர்வர்களிலிருந்து அனுப்பும் வலையமைப்பு) சுரண்டல். திருடுபவர் சாவியை மட்டும் தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு, வீடியோவை உங்கள் சி.டி.என்.னிலிருந்தே இழுக்க வைப்பார். அவருக்கு பேண்ட்வித் செலவு கிடையாது, பில் உங்களுக்கு வரும். கண்டுபிடிக்க நான்கு குறிகள் போதும்:

- வீடியோ துண்டுகளுக்கான கோரிக்கைகள், டி.ஆர்.எம். லைசன்ஸ் (சாவி தரும் அனுமதி) எண்ணிக்கைக்குப் பொருந்தாமல் பல மடங்கு இருக்கும்.
- ஒரே டோக்கன் (பார்ப்பவருக்குத் தரும் தற்காலிக அனுமதிச் சீட்டு) பல ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் வரும்.
- ஆப் அனுப்ப வேண்டிய பிளேயர் தகவல்கள் எதுவும் வராமல் வீடியோ மட்டும் போய்க்கொண்டிருக்கும்.
- வீட்டு இணைப்புகளுக்குப் பதிலாக டேட்டா சென்டர் முகவரிகளிலிருந்து மணிக்கணக்கில் பார்ப்பார்கள்.

டோக்கனின் ஆயுளை 5 முதல் 10 நிமிடமாக்கி, பிளேயர் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி செய்யுங்கள். டோக்கனை எதோடு கட்டுவது என்பதில் கவனம் தேவை. வெளிநாட்டு ஆலோசகர்கள் ஐ.பி. முகவரியோடு கட்டச் சொல்வார்கள். மொபைல் இணையம் அதிகமுள்ள சந்தையில் பயணத்தின் நடுவே முகவரி மாறிக்கொண்டே இருக்கும். கட்டினால் கோல் விழும் நேரத்தில் படம் நின்றுபோகும், புகார் குவியும், இரண்டு நாளில் நிர்வாகமே பாதுகாப்பை முழுவதுமாக அணைக்கச் சொல்லிவிடும். சாதன அடையாளத்தோடும், எந்த நெட்வொர்க் நிறுவனம் என்பதோடும் கட்டுவது போதும். ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் எத்தனை சாதனம் பார்க்கலாம் என்ற வரம்பை ஆப்பில் வைக்காமல் லைசன்ஸ் சர்வரில் வையுங்கள். ஆப்பில் வைத்தால் ஆப்பைத் திருத்திவிடுவார்கள்.

படி 5: குறி வைத்துப் பிடித்தல்

பாக்ஸ் எண்ணையோ கார்டு எண்ணையோ திரையில் சில விநாடி காட்டுவது ஃபிங்கர்பிரிண்ட். செலவு குறைவு, பெரும்பாலான பாக்ஸ்களில் ஏற்கெனவே இருக்கிறது. இருந்தும் பல நிறுவனங்களில் பலனில்லாமல் போவதற்குக் காரணங்கள் இவை.

அனுப்பும் நேரத்தில் திருட்டு ஸ்ட்ரீமை யாரும் பதிவுசெய்துகொண்டிருக்க மாட்டார்கள். முதலில் பதிவைத் தொடங்குங்கள், பிறகு குறியை அனுப்புங்கள், படி 2-ல் அளந்த தாமதத்தையும் சேர்த்துக் குறைந்தது இரண்டு நிமிடம் காத்திருங்கள். குறி எப்போதும் ஒரே மூலையில் வந்தால் அந்த இடத்தை மட்டும் மங்கலாக்கிவிடுவார்கள், ஆகவே இடமும் நேரமும் ஒழுங்கில்லாமல் மாற வேண்டும். எழுத்து மிகச் சிறியதாக இருந்தால் திருட்டு ஸ்ட்ரீமின் குறைந்த பிட்ரேட்டில் 8-ம் 3-ம் ஒன்றுபோலத் தெரியும். அதே படத்தை 480 வரியில் சுருக்கி, எண் படிக்க முடிகிறதா என்று முன்பே சோதியுங்கள். பார்வையாளருக்குத் தெரியும் குறியோடு, கண்ணில் படாத மறைகுறி ஒன்றையும் கலந்து அனுப்புங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது: கார்டு ஷேரிங்கில் படம் உங்கள் பாக்ஸ் வழியாக வருவதில்லை. திருடர்களின் பாக்ஸ் உங்கள் கட்டளையை மதித்து எண்ணைக் காட்டாது. அங்கே ஃபிங்கர்பிரிண்ட் பயனற்றது, படி 3-ன் ஜோடி சேர்ப்புதான் தீர்வு.

ஆப் வழியாகப் போகும் படத்துக்கு ஏ/பி வாட்டர்மார்க் ஏற்றது. ஒவ்வொரு வீடியோ துண்டையும் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தோடு ஏ, பி என இரண்டாகத் தயாரித்து, ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஏ, பி வரிசையை வேறுவேறாக அனுப்புவது. 20 துண்டுகள் இருந்தால் 2-ன் 20-ஆம் அடுக்கு, அதாவது 10,48,576 கணக்குகளைப் பிரித்தறியலாம். துண்டு 6 விநாடி என்றால் 2 நிமிடம். திருட்டு ஸ்ட்ரீமில் துண்டுகள் தவறும், மறுபடி சுருக்கப்படும், ஆகவே மூன்று முறை திரும்ப வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 6 நிமிடம். துண்டை 2 விநாடியாகக் குறைத்தால் அதுவே 2 நிமிடத்தில் முடியும். செலவு எங்கே என்றால், என்கோடிங்கும் சி.டி.என். சேமிப்பும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சீரியலுக்கு இது தேவையில்லை. நேரடி விளையாட்டுக்கும், முதன்முறையாக வரும் படங்களுக்கும் போடுங்கள்.

தேர்ந்த திருடர்கள் இரண்டு மூன்று கணக்குகளின் துண்டுகளை மாற்றி மாற்றி ஒட்டுவார்கள். அப்போது கணக்கீடு குழம்பி, சம்பந்தமே இல்லாத ஒருவரின் எண் வரலாம். கூட்டுச் சதியைத் தாங்கும் குறியீடுகளை கபோர் டார்டோஸ் என்ற கணித அறிஞர் 2003-ல் முன்வைத்தார். உங்கள் விற்பனையாளர் அந்த வகைக் குறியீட்டைப் பயன்படுத்துகிறாரா, எத்தனை கணக்குகள் கலக்கும்வரை தாங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கணக்கு தெரிந்ததும் வெட்டுவதிலும் நிதானம் தேவை. குறி காட்டிய அடுத்த நிமிடமே வெட்டினால், எந்த நொடியில் குறி வந்தது என்று திருடர் கற்றுக்கொள்வார். சாதாரண நாட்களில் சில மணி நேரம் விட்டு, வேறு சில கணக்குகளின் வழக்கமான பராமரிப்போடு சேர்த்து வெட்டுங்கள். இறுதிப் போட்டி என்றால் உடனே வெட்டுங்கள், அன்றைக்கு வேகம்தான் முக்கியம். எந்த நிலையிலும் ஒரே ஒரு கண்டுபிடிப்பை வைத்து வாடிக்கையாளரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். இரண்டு வெவ்வேறு நேரங்களில் ஒரே எண் வர வேண்டும் என்பதை விதியாக வையுங்கள்.

படி 6: கேபிள் ஆபரேட்டர்

வளரும் சந்தைகளில் வருமான இழப்பின் பெரும் பங்கு பல சமயம் இங்கேதான் இருக்கிறது. மூன்று வகை உண்டு: உரிமமே இல்லாமல் ஒரு வீட்டு பாக்ஸை வைத்து ஊர் முழுக்க ஓட்டுவது, உரிமம் பெற்ற பகுதியைத் தாண்டி ஓட்டுவது, இணைப்பு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவது.

முதல் வகைக்கு ஃபிங்கர்பிரிண்ட் கச்சிதமாக வேலைசெய்யும். ஒரு தெருவில் பல வீடுகளில் ஒரே பாக்ஸ் எண் திரையில் வந்தால் அந்தப் படம்தான் ஆதாரம். மூன்றாவது வகைக்குத் தணிக்கை தேவை. சந்தாதாரர் மேலாண்மை அமைப்பில் இயங்கும் கார்டுகளின் பட்டியலும், கார்டுகளுக்குப் படத்தைத் திறக்கும் அனுமதி தரும் கண்டிஷனல் ஆக்சஸ் அமைப்பில் இயங்கும் பட்டியலும் எண்ணுக்கு எண் ஒத்துப்போக வேண்டும். இரண்டையும் நேரடியாகச் சர்வரிலிருந்து எடுங்கள், ஆபரேட்டர் தரும் எக்ஸெல் கோப்பை ஏற்காதீர்கள். மாதக் கடைசி நாளில் மட்டும் எண்ணினால் அன்று மட்டும் பல கார்டுகள் அணைந்திருக்கும். இந்தியாவின் 2017 விதிமுறைகள் மாதத்தில் 7, 14, 21, 28 ஆகிய நான்கு நாட்களில் எண்ணிச் சராசரி எடுப்பது இதற்காகவே. அமைப்பின் கட்டளைப் பதிவேட்டையும் கேளுங்கள். எண்ணும் நாளுக்கு முந்தைய இரவு மொத்தமாக அணைத்து மறுநாள் இயக்கியிருந்தால் அது அங்கே பதிவாகியிருக்கும்.

எல்லோரையும் வழக்கில் இழுப்பதைவிட உள்ளே சேர்ப்பதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. இந்த ஆபரேட்டர்களிடம் வயர் இருக்கிறது, வசூல் இருக்கிறது, வீட்டுக்காரர்களின் நம்பிக்கை இருக்கிறது. 60 அல்லது 90 நாள் கெடு கொடுத்து, பழைய பாக்கி கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்து, முதல் வருடம் குறைந்த இணைப்புக் கட்டணம் வைத்து உரிமத்துக்குள் கொண்டுவாருங்கள். கெடு முடிந்த மறுநாள், சேர மறுத்தவர்களில் பெரியவர் மீது நடவடிக்கை எடுங்கள். கெடுவை இரண்டாம் முறை நீட்டித்தால் மூன்றாம் முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

பெயர் தெரியாதவர்கள் மீதும் தடை பெற முடியும். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, உரிமம் பெறாத கேபிள் ஆபரேட்டர்களுக்கு எதிராகத் தாஜ் டெலிவிஷன் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அடையாளம் தெரியாத பிரதிவாதிகள் மீது உத்தரவு கொடுத்து, சோதனைக்கு நீதிமன்ற ஆணையரையும் நியமித்தது. உங்கள் நாட்டில் இந்த வழி உண்டா என்று போட்டிக்கு மூன்று மாதம் முன்பே வக்கீலிடம் கேளுங்கள்.

படி 7: நேரடி நிகழ்ச்சி நாள்

நேரடிப் போட்டியின் மதிப்பு கடைசி விசிலோடு சரிந்துவிடும். 24 மணி நேரத்தில் நீக்குகிறோம் என்று பதில் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. வேலையெல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் முன்பு, நகல்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐ.டி., ஃபேஸ்புக்கின் ரைட்ஸ் மேனேஜர் ஆகியவற்றுக்கு நேரடி ஒப்பீட்டு ஃபீடைக் கொடுத்துச் சோதியுங்கள். உரிமம் உங்களிடம் உள்ள நாடுகளை மட்டும் குறிப்பிடுங்கள். உலகம் முழுக்க உரிமை கோரினால் பக்கத்து நாட்டு உரிமதாரரோடு மோதல் வந்து இரண்டு கோரிக்கைகளும் நின்றுபோகும். படி 1-ன் பதிவேடு இங்கே கைகொடுக்கும். இரண்டு நாள் முன்பு வெள்ளைப் பட்டியலை (நீக்கக் கூடாதவர்களின் பட்டியலை) முடியுங்கள்: உங்கள் சமூக ஊடகக் குழு, விளம்பரதாரர், அணிகளின் கணக்குகள், செய்திக்குச் சில விநாடி க்ளிப் எடுக்கும் நிறுவனங்கள். சொந்தப் பக்கத்தையே நீக்கிவிடும் விபத்து இந்தப் பட்டியல் இல்லாத இடங்களில்தான் நடக்கிறது.

போட்டி நாளில் குறைந்தது நான்கு பேர் வேண்டும். ஒருவர் தேட, ஒருவர் பதிவும் குறியும் பார்க்க, ஒருவர் நோட்டீஸ் அனுப்ப, ஒருவர் முடிவெடுக்க. தேடுபவர் அலுவலக இணைப்பைப் பயன்படுத்தக் கூடாது, அந்த முகவரிகளைத் திருட்டுத் தளங்கள் அறிந்து மறைத்துவிடும். உள்ளூர் மொழியிலும், அதை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கத்திலும் தேடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் தேடும் வெளிநாட்டுக் கண்காணிப்பு நிறுவனங்களுக்கு டெலிகிராம் குழுக்களில் பல கண்ணிலேயே படாது.

நேரடி முடக்க உத்தரவு கிடைக்கும் நாடுகளில் அது பலமான ஆயுதம். 2017-ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் பிரீமியர் லீகுக்கு, போட்டி நடக்கும் நேரத்தில் மட்டும் ஸ்ட்ரீமிங் சர்வர்களை முடக்கும் உத்தரவு கொடுத்தது. 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம், புதிதாக முளைக்கும் நகல் தளங்களையும் அதே உத்தரவில் சேர்க்கும் வழியைத் திறந்தது. இத்தாலி 2024-ல் தொடங்கிய பைரசி ஷீல்டு என்ற முடக்க அமைப்பு, புகார் வந்த 30 நிமிடத்துக்குள் முடக்கச் சொல்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த அமைப்பு கூகுள் டிரைவின் ஒரு டொமைன் பெயரையும் முடக்கிவிட்டது. பாடம் தெளிவு: டொமைன் யாருடையது, ஒரு ஐ.பி. முகவரியில் எத்தனை தளங்கள் இருக்கின்றன என்று பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். பகிர்வு முகவரி என்றால் டொமைன் பெயரை மட்டும் கொடுங்கள். போட்டி முடிந்ததும் தடை தானாக நீங்க வேண்டும், தவறாக அடைபட்டவர் அழைக்க இயங்கும் தொலைபேசி எண் இருக்க வேண்டும். பள்ளி இணையதளம் ஒன்று அடைபட்டால்கூட அடுத்த உத்தரவு கிடைப்பது கடினமாகிவிடும்.

படி 8: ஆதாரமும் வழக்கும்

நீதிமன்றத்தில் வழக்கு தோற்பது பெரும்பாலும் பதிவின் குறையால். நல்ல பதிவில் இவை இருக்கும்: இணையத்தோடு சரிபார்த்த கடிகாரம் திரையில், தள முகவரி, சேனல் லோகோ, குறைந்தது ஒரு விளம்பர இடைவேளை, நிகழ்ச்சியின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று பகுதி, அதே நேரத்து அதிகாரபூர்வ ஒளிபரப்பின் பதிவு. கோப்பை முடித்தவுடன் எஸ்.எச்.ஏ.-256 ஹாஷ் (கோப்பு பிறகு மாறவில்லை என்று காட்டும் எண்) எடுத்து, யார், எப்போது, எந்தக் கணினியில் எடுத்தார் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். மூலத்தைத் தொடாமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

திருட்டு ஐ.பி.டி.வி. (இணையம் வழியாக வரும் டிவி) பாக்ஸ் விற்கும் கடையில் சோதனைக் கொள்முதல் செய்யும்போது ரசீது, விற்பவர் செயலியை ஏற்றித் தரும் காட்சி, பணம் போன கணக்கு, மூன்றையும் சேருங்கள். பாக்ஸைச் சாட்சி முன்னிலையில் மூடி முத்திரையிடுங்கள். சோதனைக் கொள்முதலுக்கு உங்கள் சட்டத்தில் தடை இருக்கிறதா என்று முன்பே எழுத்தில் கருத்து வாங்குங்கள். பெட்டி விற்பவர் "நான் வெறும் பெட்டிதான் விற்கிறேன்" என்பார். திருட்டு இணைப்புகளை ஏற்றி வைத்த பெட்டியை விற்பதே பொதுமக்களுக்கு ஒளிபரப்புவதாகும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஏப்ரலில் ஃபில்ம்ஸ்பெலர் வழக்கில் தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் வாதத்துக்கு உதவும்.

அரசே கண்டுகொள்ளாதபோது நிறுவனத்தால் தனியாக ஒன்றும் செய்ய இயலாது. கத்தாரின் பீஇன் சேனல்களை 2017 முதல் அப்படியே எடுத்து ஓட்டிய பீஅவுட்க்யூ என்ற திருட்டுச் சேவையின் விவகாரத்தில், பீஇன்னுக்கு சவூதியில் வக்கீல் கிடைப்பதே தடைபட்டது. கத்தார் அரசு உலக வர்த்தக அமைப்புக்குப் போன பிறகுதான், டிரிப்ஸ் 61-ஆம் பிரிவின்படி குற்ற நடவடிக்கை எடுக்கச் சவூதி தவறியதாக 2020 ஜூனில் குழு அறிக்கை சொன்னது. அண்டை நாட்டிலிருந்து சிக்னல் வருகிறது என்றால், உங்கள் வர்த்தக அமைச்சகத்துக்குத் தொடக்கத்திலேயே கோப்பு போகட்டும்.

காவல்துறைக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். கார்டு ஷேரிங் சர்வரைப் பார்த்தால் அது சாதாரணக் கணினிதான். அதில் செருகியிருக்கும் கார்டு ரீடர்களையும், இயக்கத்தில் இருக்கும்போதே எடுக்க வேண்டிய விவரங்களையும் காட்டித் தராவிட்டால், மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மானிட்டரைக் கைப்பற்றி வருவார்கள்.

படி 9: பணத்தின் பாதை

ஐ.பி.டி.வி. திருட்டு அடுக்கடுக்காக நடக்கிறது. மேலே படம் பிடிப்பவர், அடுத்து பேனல் (சந்தாக்களைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டு அமைப்பு) நடத்துபவர், அவரிடம் மொத்தமாக கிரெடிட் (சந்தா திறக்கும் முன்பண அலகு) வாங்கும் ரீசெல்லர்கள், கீழே வாடிக்கையாளர். ரீசெல்லரை மட்டும் பிடித்தால் ஒரு வாரத்தில் வேறொருவர் வருவார். மூன்று நான்கு ரீசெல்லர்களிடம் வாங்கிப் பாருங்கள். சர்வர் முகவரி, சேனல் வரிசை, எழுத்துப்பிழையோடு கூடிய சேனல் பெயர்கள் ஒன்றாக இருந்தால் எல்லோருக்கும் பேனல் ஒன்றே. பணம் போகும் மொபைல் வாலட் எண்ணை அந்த நிறுவனத்தின் மோசடிப் பிரிவுக்கு, கொள்முதல் ஆதாரத்தோடு அனுப்புங்கள். தளத்தை முடக்குவதைவிட வாலட் முடங்குவது அவர்களை அதிகம் பாதிக்கும். திருட்டுத் தளங்களில் ஓடும் விளம்பரங்களின் ஸ்கிரீன்ஷாட்டை, விளம்பரம் கொடுத்த நிறுவனத்துக்கே அனுப்பிக் கேட்பதும் பலன் தரும்.

படி 10: வாங்குவதற்கு ஒன்று இருக்க வேண்டும்

மேலே சொன்ன அத்தனையும் செய்தும், ஒருவர் காசு கொடுத்துப் பார்க்க விரும்பினால் வழியில்லை என்றால் அவர் பழைய இடத்துக்கே போவார். தினக்கூலி வாங்கும் வீட்டுக்கு ஒரு நாள், ஒரு வாரம் என்று முன்பணப் பேக் வேண்டும். மொபைல் வாலட்டிலும் கடையில் ரொக்கமாகவும் கட்ட முடிய வேண்டும். குறைந்த டேட்டாவில் ஓடும் தரம் ஒன்றும், உள்ளூர் மொழி வர்ணனையும் வேண்டும். கசிவை அடைக்கும் நாளிலேயே இந்தப் பேக்கை அறிமுகப்படுத்துங்கள். திருட்டு ஸ்ட்ரீம் நின்றுபோன அந்த இரவில்தான் வாங்கும் மனநிலை இருக்கும்.

வெற்றியை அளக்க, நீக்கிய இணைப்புகளின் எண்ணிக்கையைப் பயன்படுத்த வேண்டாம். ஒரே ஸ்ட்ரீமின் நூறு நகலை நீக்கினாலும் எண்ணிக்கை அழகாக உயரும். இவற்றை மாதந்தோறும் எழுதுங்கள்: இயங்கும் ஊற்றுகள் எத்தனை, கண்டுபிடித்ததிலிருந்து நிற்கும்வரை எத்தனை நிமிடம், போட்டி தொடங்கிய 15-ஆம் நிமிடத்தில் ஓடும் திருட்டு ஸ்ட்ரீம்கள் எத்தனை, தணிக்கையில் கூடிய இணைப்புகள் எத்தனை, ஒரு ஊற்றை அடைத்த அடுத்த ஏழு நாளில் புதிய சந்தாக்கள் எத்தனை. நிர்வாகத்திடம் பேசும்போது திருட்டுப் பார்வையாளர் எண்ணிக்கையைச் சந்தாக் கட்டணத்தால் பெருக்கி இழப்பு என்று காட்டாதீர்கள். அவர்களில் பலர் இலவசம் இல்லையென்றால் பார்க்கவே மாட்டார்கள், நிதி அதிகாரி அதைக் கேட்டதும் மொத்த அறிக்கையையும் சந்தேகிப்பார். கடைசியாகச் சொன்ன ஏழு நாள் எண்ணிக்கையைக் காட்டுங்கள், அடுத்த வருட நிதி அதை வைத்துத்தான் கிடைக்கும்.